ஐந்து புள்ளி அகலத்தில் ஒரு மேடு: ஒற்றைக் கார்பன் துகளின் கணக்கு பிசகிய கதை

தீபாவளிக்கு மலேசியாவில் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு வந்தவள், அம்மாவின் கண் ஆப்பரேஷனுக்காக இரண்டு மாதம் தங்கிவிட்டேன். வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் எடுத்த அளவீடுகள் எல்லாம் லேப்டாப்பில் இருந்தன. 14 துகள்கள். அதில் ஐந்து துகள்கள் நடுவழியில் திடீரென்று மூன்று மடங்கு வேகமாக எரிந்தன, அப்புறம் தானாகவே பழைய வேகத்துக்குத் திரும்பின. அதற்கு ஒரு விளக்கம் எழுதி, படம் போட்டு, கட்டுரையாக்குவதுதான் எனக்கிருந்த வேலை. விளக்கம் ஏற்கெனவே தயாராக இருந்தது. தவறாகவும் இருந்தது. அது தவறு என்று எப்படித் தெரிந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்களைப் படிக்க வசதியாக முழு எண்களாக்கியிருக்கிறேன்.

என்ன அளக்கிறோம்

கரி எப்படி எரிகிறது என்று பார்க்க, ஒரு பிடி கரியை உலையில் போட்டு எடை குறைவதைப் பார்ப்பதுதான் பழைய முறை. அதில் கோடிக்கணக்கான துகள்களின் சராசரிதான் கிடைக்கும். டீசல் புகையில் வரும் கரி, டயரில் கலக்கும் கார்பன் கருப்பு, கிராஃபைட் பொடி எல்லாமே கார்பன்தான். ஆனால் அடுக்குகள் எப்படிப் படிந்திருக்கின்றன, ஓரங்கள் எவ்வளவு வெளியே தெரிகின்றன என்பதைப் பொறுத்து ஆக்சிஜன் அவற்றைத் தின்னும் வேகம் மாறும். ஒரே பொட்டலத்தில் இருக்கும் இரண்டு துகள்கள் கூட ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஆண்டர்சன் குழு, கிராஃபைட், கிராஃபீன் துகள்களை 1,200 முதல் 2,200 கெல்வின் வரை சூடாக்கி ஒவ்வொன்றாக அளந்தபோது அதைத்தான் கண்டது. துகளுக்குத் துகள் வேகம் வேறுபடுகிறது. ஒரே துகளிலும் எரிய எரிய மாறுகிறது.

இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஏமாந்தது இதை நம்பித்தான்.

ஒற்றைத் துகளைப் பிடிப்பது எப்படி? அதற்கு மின்னூட்டம் ஏற்றி அயனியாக்கி, நான்முனை மின்புலத்தில் மிதக்கவிட வேண்டும். வொல்ஃப்காங் பால் என்ற இயற்பியலாளர் உருவாக்கிய அயனிப் பொறி அது. 1989இல் நோபல் பரிசு பெற்றது. துகள் எதையும் தொடாமல் வெற்றிடக் கலத்தின் நடுவில் நிற்கும். லேசரால் சூடாக்கினால் ஒளிரும். அந்த ஒளியின் நிறமாலையிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடலாம். நான் ஓட்டியது 1,800 கெல்வினில், ஏறக்குறைய இரும்பு உருகும் சூட்டில். இருட்டறையில் கேமரா வழியே பார்த்தால் ஒரே ஒரு ஆரஞ்சுப் புள்ளி. 30 நானோமீட்டர் அகலமுள்ள ஒரு பொருளை, தலைமுடித் தடிமனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லாத ஒன்றை, இப்படிக் கண்ணால் பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

அதன் நிறை சுமார் 2 கோடி டால்டன். கார்பன் அணு ஒன்று 12 டால்டன் என்றால் பதினாறு லட்சத்து அறுபதாயிரம் அணுக்கள். இதை நிறுக்கத் தராசு கிடையாது. பொறிக்குள் துகள் ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆடும் அதிர்வெண், மின்னூட்டத்தை நிறையால் வகுத்தால் வருவதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதாவது அதிர்வெண் நமக்கு நிறையைச் சொல்வதில்லை, மின்னூட்டமும் நிறையும் கலந்த ஒன்றைச் சொல்கிறது. மின்னூட்டத்தைத் தனியாக எண்ணித்தான் நிறையைப் பிரிக்க வேண்டும்.

எண்ணுவதற்கு மில்லிகன் 1909இல் எண்ணெய்த் துளியை வைத்துச் செய்ததை ஒத்த வழிதான். புறஊதா விளக்கைச் சற்று நேரம் காட்டினால் துகளிலிருந்து ஓர் எலக்ட்ரான் கழன்று போகும், மின்னூட்டம் ஒன்று கூடும், அதிர்வெண் ஒரு படி ஏறும். ஒவ்வொரு படியும் ஒரே உயரம். என் துகளுக்கு அதிர்வெண் 5,000, படி 200. வகுத்தால் 25. ஆக, 25 மின்னூட்டம். இந்த இடத்தில் பின்னம் வராது, 25 அல்லது 26. இருபத்தைந்தரை என்று ஒன்று இல்லை.

எங்கள் தாத்தா காலத்துப் பால் நிறுவை எனக்கு இங்கேதான் நினைவுக்கு வரும். வாளியில் இருப்பது ரப்பரும் தண்ணீரும் சேர்ந்த பால். வாளியைத் தராசில் வைத்தால் தெரிவது மொத்த எடை. காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று தெரிய, மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை மிதக்கவிட்டுத் தனியே பார்க்க வேண்டும். மெட்ரோலாக்கைத் தப்பாகப் படித்தால் தராசு எவ்வளவு நல்ல தராசானாலும் கூலி தப்பாகத்தான் வரும்.

ஆக்சிஜன் விட்டபோது

முதலில் எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயு மட்டும். சூட்டில் கார்பன் தானாகப் பதங்கமாகும், அந்த வேகத்தை அளந்து பிற்பாடு கழித்துவிட வேண்டும். 1,800 கெல்வினில் அது மிகக் குறைவு. அப்புறம் ஆக்சிஜன், வளிமண்டல அழுத்தத்தில் 76 லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு. இவ்வளவு மெல்லிய வாயுவிலும் அந்தத் துகளை நொடிக்குப் பத்து லட்சம் ஆக்சிஜன் மூலக்கூறுகள் மோதும். பெரும்பாலானவை முட்டிவிட்டுப் போய்விடும். வினைபுரியும் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு கார்பன் அணுக்களைப் பிடுங்கி இரண்டு கார்பன் மோனாக்சைடாகப் பறக்கும். என் துகள் நொடிக்கு 200 அணுக்களை இழந்தது. அப்படியென்றால் நொடிக்கு 100 மோதல்கள்தான் பலித்தன, பத்தாயிரத்தில் ஒன்று. இந்த ‘பத்தாயிரத்தில் ஒன்று’தான் நாங்கள் தேடும் எண். அதன் ஏற்ற இறக்கம் துகளின் மேற்பரப்பைப் பற்றிச் சொல்லும்.

(அயனி என்பதால் மின்னூட்டமே வினையைத் தூண்டாதா என்று கேட்பார்கள். சிறிய அயனியில் தூண்டும். 60 கார்பன் அணுக்கள் பந்துபோல் கூடிய ஃபுல்லரினில் ஒரு மின்னூட்டம், இரண்டு, மூன்று என்று ஏற ஏற அது பல வாயுக்களோடு சுறுசுறுப்பாக வினைபுரிவதைப் பார்த்திருக்கிறார்கள். பதினாறு லட்சம் அணுக்களுக்கு நடுவில் 25 மின்னூட்டம் என்பது பாயசத்தில் ஒரு மிளகு.)

30 நொடிக்கு ஒரு புள்ளி வீதம் வரைபடம் வரும். தனிப்புள்ளிகளில் இரைச்சல் இருப்பதால் எங்கள் நிரல் ஐந்து இடைவெளிகளைச் சேர்த்துச் சாய்வு எடுத்து வழவழப்பாக்கும். யாரோ பழைய மாணவர் எழுதிய நிரல். நாங்கள் யாரும் திறந்து பார்த்ததில்லை, வேலை செய்கிறதே என்று விட்டுவிட்டோம்.

அந்த வழவழப்பான கோட்டில்தான் மேடுகள். நொடிக்கு 200 என்று போய்க்கொண்டிருந்த இழப்பு 600ஐத் தாண்டி ஏறி, சற்று நேரம் நின்று, மறுபடி 200க்கு இறங்கும். சில துகள்களில் ஒரு மேடு, ஒன்றில் இரண்டு.

குழுக் கூட்டத்தில் விளக்கம் சுலபமாக வந்தது. மேல் அடுக்கு எரிந்து ஓரங்கள் வெளிப்பட்டன, ஓர அணுக்கள் அதிகம் வினைபுரிபவை, அவை தீர்ந்ததும் வேகம் இறங்கியது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! கிராஃபைட்டில் ஓரம் வேகமாக எரியும், தட்டையான பரப்பு மெதுவாக எரியும் என்பது பாடப்புத்தகத்தில் இருப்பது. ஏன் 14இல் ஐந்தில் மட்டும் என்று கேட்டால், ‘துகளுக்குத் துகள் மாறும்’. அந்த ஒரு வாக்கியம் எங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் பதிலாகிவிட்டது. எதையும் விளக்கும் விளக்கம் கையில் இருந்தால் ஆள் சோம்பேறியாகிவிடுகிறார். நான் ஆனேன்.

காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தவர்

படங்களைத் திரையில் பார்த்துச் சலித்து, ஒருநாள் பட்டணத்து நகல் கடையில் அச்சடித்து வந்தேன். பக்கம் இருபது காசு. மழை விட்டிருந்தது. வாசல் மேசையில் பரப்பி வைத்திருந்தபோது சித்தப்பா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

சித்தப்பா முப்பது வருஷம் தோட்டத்தில் ரப்பர் ஷீட் தரம் பிரித்தவர். பாலை அமிலத்தில் உறைய வைத்து, உருளையில் தேய்த்துத் தாளாக்கி, புகைக்கூடத்தில் அறுபது டிகிரி போல் நாள்கணக்கில் காயவைத்து எடுத்தால், பழுப்பு நிறத்தில் வரிவரியாக ஒரு தாள் வரும். தரம் பார்க்க இயந்திரம் கிடையாது. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் குமிழி, தூசி, கருகல் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான். 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் நட்ட மரங்களில் தொடங்கிய தொழில் இப்போது இந்தப் பக்கம் பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்டது. சித்தப்பாவின் கை மட்டும் மாறவில்லை. கிடைத்த எந்தத் தாளையும், கரண்ட் பில்லைக் கூட, தூக்கி வெளிச்சத்தில் பிடித்துத்தான் படிப்பார்.

“என்ன பாப்பா இது, ஈசிஜியா?”

“கரித்தூள் எரியிற கணக்கு சித்தப்பா. நீங்க உக்காருங்க, டீ போடுறேன்.”

நான் உள்ளே போய் வருவதற்குள் இரண்டு பக்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வானத்துக்கு எதிரே பிடித்திருந்தார். அவர் எதையும் கண்டுபிடிக்க முயலவில்லை, பழக்கம்.

“ரெண்டு வேற வேற தூளுன்னியே?”

“ஆமா. வேற வேற நாள்ல ஓட்டினது.”

“இந்த மேடு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு அச்சா ஒக்காருதே.”

டம்ளரை வைத்துவிட்டுப் பார்த்தேன். உயரம் சற்றே முன்பின் இருந்தது. அகலம் அச்சு. மூன்றாவது பக்கத்தை எடுத்து வைத்தேன், அதுவும் அதே அகலம். இரண்டு மேடு இருந்த துகளின் இரண்டு மேடுகளும் அதே அகலம். ஐந்து புள்ளி, 150 நொடி. எங்கள் நிரல் வழவழப்பாக்கும் சாளரத்தின் அகலமும் ஐந்து புள்ளி, 150 நொடி.

துகளுக்குத் துகள் எல்லாம் மாறும் என்று சொல்லிவிட்டு, மேட்டின் அகலம் மட்டும் மாறாமல் இருப்பதை எட்டு மாதம் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். டீ ஆறிப்போனது. சித்தப்பா பசியாற ஒட்டுக்கடைக்குப் போய்விட்டார்.

மேடு அல்ல, படி

ஒரே ஒரு இடைவெளியில் நடக்கும் திடீர்த் தாவலை ஐந்து இடைவெளிக்கான சராசரியில் போட்டால், அது ஐந்து புள்ளி அகலமுள்ள மேடாகப் பரவும். அதனால் வழவழப்பாக்காத மூல அதிர்வெண்களைத் திறந்தேன். முதல் மேடு தொடங்கும் இடத்தில் இருந்தவை இவை: 5,000, 5,018, 5,036, 5,256.

முதல் மூன்றும் நியாயமானவை. துகள் எரிந்து இலேசாகிறது, அதிர்வெண் முப்பது நொடிக்கு 18 ஏறுகிறது. நான்காவது 5,054 என்று வந்திருக்க வேண்டும். 202 அதிகமாக வந்திருக்கிறது. நோட்டைப் புரட்டினால் அன்று காலை விளக்குச் சோதனையில் ஒரு மின்னூட்டப் படியின் உயரம் 200. துகள் சற்று இலேசாகியிருப்பதால் படி 202 ஆகியிருக்கிறது. 5,054ஐ 25ஆல் வகுத்தாலும் அதே 202.

எரியவில்லை. ஓர் எலக்ட்ரான் போயிருக்கிறது, அவ்வளவுதான். 25 மின்னூட்டம் 26 ஆகியிருக்கிறது. நிரல் 25 என்றே வைத்துக்கொண்டு வகுத்ததால், நிறை ஒரே தாவலில் 3.85 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. கிட்டத்தட்ட 64,000 கார்பன் அணுக்கள், காணாமலே போகாதவை, கணக்கில் காணாமல் போயின. 150 நொடியில் உண்மையாக எரிந்தவை 30,000. இரண்டையும் கூட்டி வகுத்தால் நொடிக்கு 627. எங்கள் ‘மூன்று மடங்கு வேகம்’ பிறந்தது இப்படி.

எலக்ட்ரான் ஏன் போனது? பழைய ரேடியோ வால்வில் இழை சூடானால் எலக்ட்ரான் கிளம்புவது மாதிரிதான். 1,800 கெல்வினில் கார்பனிலிருந்தும் கிளம்பும். ஆனால் துகளில் நேர் மின்னூட்டம் ஏறியிருப்பதால் கிளம்புவதை அது பின்னிழுக்கும். மின்னூட்டம் ஒவ்வொன்று கூடும்போதும் அடுத்த எலக்ட்ரானுக்கு இன்னும் கஷ்டம். 30 நானோமீட்டர் துகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25இலிருந்து 26க்குப் போகச் சராசரியாக ஒன்பது நிமிடம் போல, 26இலிருந்து 27க்கு அதைப்போல் இரண்டு பங்கு நேரம். இரண்டு மேடு இருந்த துகளில் இரண்டாவது மேடு மிகவும் தள்ளித்தான் வந்திருந்தது. அதன் உயரமும் மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. மின்னூட்டம் கூடக் கூட ஒரு படியின் விகிதம் சிறுக்கும், துகளும் அதற்குள் இலேசாகியிருக்கும். எல்லாம் பொருந்தியது. பொருந்தப் பொருந்த வயிற்றைக் கலக்கியது.

இன்னும் ஒரு சோதனை மிச்சம் இருந்தது. மேடு ஆக்சிஜனால் வருவதில்லை என்றால் ஆர்கான் மட்டும் இருக்கும் நேரத்திலும் வரவேண்டும். தேடினேன். ஒரு துகளில், ஆக்சிஜன் விடுவதற்கு முந்தைய பகுதியில், அதே ஐந்து புள்ளி மேடு. அதற்கு மேலே என் குறிப்பு: ‘இரைச்சல், தள்ளிவிடலாம்.’ அன்றைக்கே அந்தப் புள்ளியிடம் நின்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அதைவிட மோசமானது நோட்டில் இருந்தது. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் விளக்கைக் காட்டி மின்னூட்டத்தைத் திரும்ப எண்ண வேண்டும் என்பது விதி. எண்ணியிருக்கிறேன். இரண்டு மேட்டுத் துகளுக்குக் கடைசிப் பத்தியில் ‘27’ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. நிரல் முதல் பத்தியை மட்டும் படித்தது. விளக்குச் சோதனையில்தான் இரண்டு ஏறியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பழைய மாணவரின் நிரலைத் திட்டலாம் என்று வாய் வரை வந்தது, நோட்டைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

திருத்தியபின்

நிரலில் இரண்டு மாற்றங்கள். சாய்வு எடுப்பதற்கு முன்பு, அடுத்தடுத்த இரு அதிர்வெண்களின் விகிதம் 26க்கு 25, 27க்கு 26 போன்ற முழு எண் விகிதத்தை ஒட்டி வருகிறதா என்று பார்க்கும்; வந்தால் நிறுத்திக் கேட்கும். எங்கள் அளவீட்டின் பிசிறு ஆயிரத்தில் ஒரு பங்கு, படியோ நூற்றில் நான்கு. குழப்பம் வர வழியில்லை. இரண்டாவது, முதல் எண்ணிக்கையும் கடைசி எண்ணிக்கையும், இடையில் கண்ட படிகளோடு கூட்டிப் பார்த்து ஒத்துப்போகாவிட்டால் ஓட்டமே செல்லாது. அசட்டிலீன் வாயுவில் எடுத்த ஓட்டங்களையும் இதில் போட்டுப் பார்த்தேன். அங்கே துகள் எரியாது, கார்பன் படிந்து பருக்கும். ஒரு மின்னூட்டம் கூடினால் பருத்த துகள் இளைத்ததாகத் தெரியும். அப்படி இரண்டு இடங்களில் வளர்ச்சியே மறைந்து கிடந்தது.

ஐந்து துகள்களில் நான்கின் மேடுகள் துடைத்தாற்போல் போய்விட்டன. அவற்றின் கோடுகள் இப்போது எந்தச் சுவாரசியமும் இல்லாமல் மெல்லச் சரிகின்றன. ஆனாலும் துகளுக்குத் துகள் வேறுபாடு போகவில்லை. ஒரே பொட்டலத்துத் துகள்களுக்குள் எரியும் வேகம் பல மடங்கு விலகியே இருக்கிறது. அது நிஜம். நாங்கள் அதன் பெயரைச் சொல்லி வேறொன்றை உள்ளே விட்டிருந்தோம்.

ஐந்தாவது துகளின் மேடு போகவில்லை. அதன் அகலம் ஐந்து புள்ளி அல்ல, பதினொன்று. மூல அதிர்வெண்ணில் தாவல் எதுவும் இல்லை, சாய்வுதான் மெல்லக் கூடி மெல்லக் குறைகிறது. முதல் எண்ணிக்கையும் கடைசி எண்ணிக்கையும் ஒன்றே. வெளிச்சத்தில் பிடித்தால் மற்ற எந்தப் பக்கத்தோடும் ஒட்டவில்லை. ஓரங்கள் வெளிப்பட்டு வேகம் கூடிய கதை உண்மையாக நடந்த துகள் ஏதாவது இருந்தால், அது இதுதான்.

எல்லாவற்றையும் எழுதி என் ஆய்வு வழிகாட்டிக்கு அனுப்பினேன். கோபமாகப் பதில் வரும் என்று பயந்திருந்தேன், ஒரே வரிதான் வந்தது: ஐந்தாவதை மறுபடி ஓட்டிப் பார்.

எதை ஓட்டுவது? அந்த ஆரஞ்சுப் புள்ளி எரிந்து முடிந்து எட்டு மாதமாகிறது.